ஹீட்டருக்குக் காவல் இருக்கும் மீட்டர் மாமா

பக்கத்து அறையில் ஹீட்டர் எரிந்தால் தன் அடிவயிறு எரிகிற ஒரு இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். எங்கள் மாடியிலேயே ஒன்று இருக்கிறது. கட்டடமே அவரை மீட்டர் மாமா என்றுதான் கூப்பிடும்.

பிரசவம் முடிந்து மகள் வந்திருக்கிறாள். பேரனுக்கு வயது இருபது நாள். வெளியே நாக்கை நீட்டினால் விறைத்துப்போகிற குளிர். அறை சூடானதும் தானே அணைந்து, குளிர்ந்ததும் தானே எரிகிற ஹீட்டரை மாமி வாங்கிப் போட்டாள். போச்சு! மாமா ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டார்ச், காதில் ஒரு பென்சில் சகிதம் போருக்குக் கிளம்பிவிட்டார்.

"ரெண்டாயிரம் வாட்டும்மா! மணிக்கு ரெண்டு யூனிட். உன் மகன் எட்டு மணி நேரம் தூங்கினா பதினாறு!" என்பார் மகளிடம்.

"அவன் என்ன மாவு மில்லா ஓட்டுறான்?" என்பாள் மாமி அடுப்படியிலிருந்து.

மீட்டர் இருப்பது வெளியே, மாடிப்படியில். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வாசல் கதவை 'ஆ'வென்று திறந்துபோட்டு, டார்ச் அடித்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி அடித்து, நோட்டில் குறித்துக்கொண்டு வருவார். அதற்குள் தெருக் குளிர் முழுக்கத் தொட்டில்வரை வந்து குசலம் விசாரித்துவிடும். குழந்தை தும்மும். ஹீட்டர் பழையபடி எரியும்.

"பாத்தியா, எரியுது! மறுபடி எரியுது!" என்று மாமா மறுபடி ஓடுவார்.

ஒரே வாரத்தில் மகள் பெட்டியை எடுத்தாள். "புள்ளைக்குச் சளி கட்டிடுச்சுப்பா. நான் அவங்க வீட்டுக்கே போயிடறேன்."

இடையில் ஒரு நாள் மாமா தன் அக்கா வீட்டில் போய்த் தங்கியபோது, காலையும் மறுநாள் காலையும் மீட்டரைப் பார்த்து அதே நோட்டில் தானே எழுதிவைத்த பக்கத்தை மாமி பிரித்துக் காட்டினாள்.

"நீங்க இல்லாதப்ப, ராப்பகலா ஹீட்டர் போட்டும் பதினோரு யூனிட். நீங்க காவல் இருந்த நாள் பத்தொம்பது. இப்ப சொல்லுங்க, கரண்ட்டைக் குடிக்கிறது ஹீட்டரா, நீங்களா?"

மாமா அன்று முழுக்கக் கதவைத் திறக்கவில்லை. மகள் பெட்டியை இறக்கி வைத்தாள். திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்?

மறுநாள் மீட்டருக்கு நேராகக் கதவில் ஓட்டை போட்டார்! உள்ளே இருந்தபடியே பார்க்கலாமாம். காற்று அதில் விசில் அடித்துக்கொண்டு வந்தது. மாமி அந்த நோட்டைச் சுருட்டி ஓட்டையில் திணித்து, ஆட்டுக்கல் குழவியால் ரெண்டு தட்டும் தட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. பேரன் நன்றாகத் தூங்குகிறான்.

ரொம்பச் சிரிக்காதீர்கள். பதினோரு யூனிட், பத்தொன்பது யூனிட் என்றதும் மனசுக்குள் விலை போட்டுப் பார்த்தது யார்? அந்தப் பென்சிலைக் காதிலிருந்து எடுங்கள். முதலில் கதவைச் சாத்துங்கள், குழந்தை தும்முகிறது.