நாவல் பத்திரம்

“ஹார்ட் டிஸ்க் இழுத்துக்கிட்டு இருக்கு சார். எப்ப வேணாலும் கண்ணை மூடிரும்,” என்றார் கம்ப்யூட்டர் மெக்கானிக், நோயாளியின் சொந்தக்காரரிடம் பேசுகிற குரலில்.

கணக்காளர் கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்குள்தான் அவருடைய நாவல் இருந்தது. ஆபீஸ் விட்டு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு வருஷமாக எழுதிய ஒரே நாவல்.

“புது டிஸ்க் வாங்கிட்டு வர்றேன். அதுக்குள்ள ஒரு காப்பி வீட்டுல, ஒரு காப்பி வெளியில எங்கயாவது வச்சிருங்க.”

உடனே பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்தார். அதைச் சட்டைப்பையில் வைத்தார், பீரோவில் வைத்தார், தலையணைக்கடியில் வைத்தார். எங்கே வைத்தும் மனசு ஆறவில்லை.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தவரை மனைவி சிரித்த முகத்தோடு வரவேற்றாள்.

“வெளியில ஒரு காப்பி வைக்கணும்னு தவிச்சீங்களே, வச்சாச்சு.”

“எங்க?”

“எங்கம்மா கம்ப்யூட்டர்ல. காலையிலயே மெயில் போட்டுட்டேன்.”

கணக்காளர் சோபாவில் உட்காரவில்லை, விழுந்தார்.

நாவலின் பெயர் ‘ஒரே ஒரு வாரம்’. ஒரு வாரம் தங்கிவிட்டுப் போக வரும் மாமியார் முதல் அத்தியாயத்தில் பெட்டியை இறக்கி வைக்கிறாள். கடைசி அத்தியாயம் வரை அதைத் தூக்கவே இல்லை. யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதென்று, அவளிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் மருமகனை மட்டும் மருமகளாக மாற்றியிருந்தார். மாமியாரை மாற்ற மனசு வரவில்லை. அந்தப் பெருமூச்சு, அந்த ‘நான் ஒண்ணும் சொல்லலைப்பா’ எல்லாம் இரண்டு தெரு தள்ளி உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தன.

செருப்பை மாட்டக்கூட மறந்து ஓடினார்.

“அத்தை, நாங்க அனுப்பின ஃபைல்ல வைரஸ் இருக்கு!”

“அய்யய்யோ! மாப்பிள்ளை, அந்தக் கதை...”

“அதைப் பத்திப் பேசாதீங்க அத்தை, பரவிடும்!”

ஃபைலை அழித்தார். மெயிலை அழித்தார். குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். மாமியார் எதையோ சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் கையைக் காட்டித் தடுத்துவிட்டு வெளியே பாய்ந்தார்.

வீட்டில் மனைவி கையில் பென் டிரைவ்.

“அப்படி என்னதான் எழுதியிருக்கீங்கன்னு நானும் பார்க்கலாமேன்னு...”

“அதுலயும் வைரஸ்!”

பிடுங்கி அதையும் அழித்தார். மனைவி அனுப்பிய மெயிலின் சுவடே இல்லாமல் துடைத்தார். பிறகுதான் மூச்சு வந்தது. மாமியாரை ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பாவாக மாற்றிவிட்டு நிம்மதியாகப் புதுக் காப்பி எடுக்கலாம் என்று கம்ப்யூட்டரில் நாவலைத் திறந்தார்.

கர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஓடி வந்த மெக்கானிக் டிஸ்க்கைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

“இதுல இருந்து ஒரு எழுத்துகூட எடுக்க முடியாது சார். ஆனா வெளியில ஒரு காப்பி வைக்கச் சொன்னேனே, வச்சீங்களா?”

“வச்சோம்.”

“அப்புறம் எதுக்கு சார் கவலை?”

கணக்காளர் மெக்கானிக்கை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நாவலை மறுபடி எழுத உட்கார்ந்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஏழு வருஷத்தில் மனைவியோடு ஒரு சாயங்காலம்கூட வெளியே போனதில்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது. தாள்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

ஃபோன் அடித்தது. மாமியார்.

“என்ன மாப்பிள்ளை, சாயங்காலம் வாயைத் திறக்கவே விடலையே நீங்க! நீங்க வர்றதுக்கு முந்தியே கதை பூராவும் ஒரே மூச்சுல படிச்சுட்டேன்.”

கணக்காளர் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

“என்னமா எழுதியிருக்கீங்க! சிரிச்சுச் சிரிச்சு வயித்துவலியே வந்துருச்சு!”

அவரால் காதை நம்ப முடியவில்லை. பயமெல்லாம் எங்கோ போயிற்று.

“அத்தை...” ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். “வேற எங்கயாவது, தப்பித்தவறி, ஒரு காப்பி இருக்குமா?”

“இல்லாம என்ன? அந்த மாமியாரு அச்சு அசலா உங்கம்மாதானே, படிச்சுட்டு ரசிக்கட்டுமேன்னு அவங்களுக்கு அப்பவே அனுப்பிட்டேன்!”