லேபிள் அண்ணையின் வெள்ளை வைன்

லண்டன் மாநகரத்தில் வைனை ருசிக்கத் தெரிந்த தமிழன் ஒரே ஒருவன்தான். அது நான் இல்லை. எங்கள் லேபிள் அண்ணை. நானே இன்னொருவனைப் பெரியவன் என்கிறேன் என்றால், என்னைத் தெரிந்தவர்களுக்கு அதன் பெறுமதி விளங்கும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட் அடித்து, இன்றைக்குத் தோர்ண்டன் ஹீத்தில் மூன்று கடைக்கு முதலாளி. பிள்ளைகள் இருவருக்கும் தோட்டத்தோடு வீடு வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் அங்கே இருக்கிறார்கள். நான் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி சாண்ட்விச் சாப்பிடுகிறேன். முதலாளிக்குக் கதிரையில் இருந்து சாப்பிட எங்கே நேரம்?

அண்ணை புதன்கிழமைதோறும் சாப்பாட்டுப் பெட்டியோடு வருவார். சோவே என்கிற இத்தாலி நாட்டு வெள்ளை வைனில் ஒரு போத்தல் எடுப்பார். அதைத் திருப்பி, முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைத் தேவாரம் போலத் தமிழாக்கிப் படிப்பார்.

"தேசிக்காய், பியர்ஸ் பழம், கடைசியிலை ஒரு துளி பாதாம் கைப்பு. கடலுணவோடை சேரும்!"

பிறகு பெட்டி திறக்கும். ஒரு கிழமை இறால் சொதி, மறு கிழமை கணவாய்ப் பிரட்டல். கடைக்கு வந்தவன் போனவன் எல்லாம் ருசி பார்க்க வேண்டும்.

ஒருநாள் வெம்பிளியிலிருந்து வந்த தமிழ்நாட்டு டொக்டர் ஒருவர் மாட்டிக்கொண்டார்.

"சூப்பரா இருக்கு சார்!"

"சூப்பர் எண்டால்? உப்போ, புளியோ?"

"இல்ல சார், ரொம்ப நல்லா..."

"நல்லாயிருக்காம்! வீட்டை போய்ப் பச்சைத்தண்ணி குடியும்!" டொக்டரின் கையில் இருந்த கரண்டியையே பறித்துவிட்டார்.

எனக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. கணவாயை ஒரு வாய் போட்டு, கவுண்டருக்கு அடியில் பேப்பர் கப்பில் ஒரு மிடறு வைனும் விட்டுப் பார்த்தேன். (சட்டம் தெரிந்தவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகவும்.)

"கறித்தூள் கூடிப்போச்சு அண்ணை. வைன் செத்துப்போச்சு."

அண்ணை என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "தம்பி, நீர்தான் மனுசன்!"

அடுத்த கிழமை தேங்காய்ப்பாலில் இறால் வந்தது. வைன் அதோடு கைகோத்து நடந்தது. சொன்னேன். அவர் லொத்தர் விழுந்தவர் போல வீட்டுக்குப் போனார். என்னுடைய திறமையை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை வெறுங்கையோடு வந்தார்.

"தம்பி, இண்டைக்கு எங்கடை கலியாண நாள். அவவின்ரை நண்டுக்கறி வைக்கிறன். வீட்டை வாரும்."

அவருடைய மனைவி கொரோனாவில் போனது தெரியும். நத்தார் பண்டிகைக்கே கடையைப் பூட்டாத நான் அன்றைக்குப் பூட்டினேன்.

மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை, இரண்டு கிளாஸ். அண்ணை வைனை ஊற்றி, மூக்கருகே பிடித்து, கண்ணை மூடினார். "தேசிக்காய், பியர்ஸ்..."

குசினியிலிருந்து கருகல் மணம் வீட்டையே தூக்கியது.

"அண்ணை, கறி அடிப்பிடிக்குது!"

"...பாதாம்," என்று முடித்துவிட்டு, "எது?" என்றார்.

நான் ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினேன். திரும்பினால், அவர் போத்தலைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"அவவைக் கொண்டுபோன அதே கொரோனா வருத்தம்தான் என்ரை மூக்கையும் நாக்கையும் கொண்டுபோச்சு. இப்ப எல்லாம் எனக்குச் சுடுதண்ணிதான், தம்பி. போத்திலிலையாவது ருசியை எழுதி ஒட்டியிருக்கிறாங்கள். கறிக்கு ஆர் எழுதி ஒட்டுறது? அவவின்ரை கறி என்ரை கையிலை வருதோ இல்லையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் சட்டியை மேசைக்குக் கொண்டுவந்தேன். கருகாத மேல்பக்கத்தில் ஒரு நண்டுக்காலை எடுத்துக் கடித்தேன்.

"தூள் சரி. வாசம் சரி. ஒண்டுதான் குறை. புளி காணாது, அண்ணை."

அவர் சிரித்த சிரிப்பில் கண் நிறைந்துவிட்டது. "இதைத்தானடாப்பா அவவும் சொல்லுவா! நான் வைச்சால் புளி காணாது எண்டு!"

அதன் பிறகு புதன்கிழமைகளில் என் கடை மத்தியானம் பூட்டுத்தான். அண்ணை வீட்டுக் கதிரையில் இருந்து சாப்பிட்டேன்.

போன வருசம் மகள் வந்து அவரைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த வைனை இங்கே வேறு ஒருவரும் வாங்குவதில்லை. ஆனாலும் எடுத்து அடுக்குகிறேன். புதன்கிழமை கடையைப் பூட்டி, ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, அண்ணையின் வீடியோ போன் அடிக்கும்வரை பார்த்துக்கொண்டு இருப்பேன். திரையில் முதலில் சட்டிதான் வரும், பிறகுதான் முகம்.

"தம்பி, பாத்துச் சொல்லும்!"

போனில் என்ன ருசி தெரியும்? கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்துவிட்டு, சத்தமாகச் சொல்கிறேன்:

"புளி காணாது, அண்ணை."