பதினேழாவது இன்னிங்ஸைப் பார்த்தவர்கள்

பேஸ்பால் ஊர்களில் மட்டும் செழித்து வளரும் ஓர் இனம் உண்டு. 'நான் அங்கே இருந்தேன்' இனம். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஒஹையோவில் எங்கள் ஏரிக்கரை ஊர் மைதானத்தில், ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் சமநிலையிலேயே இழுத்து இழுத்துப் பதினேழு வரை போனதே, அன்று கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்கள் எண்ணூறு பேர். இன்று ஊரில் விசாரித்தால் இருபதாயிரம் பேர் தேறுவார்கள். மைதானத்தில் எத்தனை இருக்கை என்கிறீர்களா? பத்தாயிரம். மீதிப் பேர் அடுத்தவர் மடியில் உட்கார்ந்திருப்பார்கள், விடுங்கள்.

கஸ் கோவாச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். பதவி உயர்வு இல்லை, பதக்கம் இல்லை. ஊரில் அவருக்கு இருக்கும் மரியாதையெல்லாம் அந்த ஒரு பிற்பகல்தான். மதுக்கடையில் அவருக்கென்று ஒரு முக்காலி காலியாக இருப்பதும் அதனால்தான். அது போனால் கஸ் வெறும் கஸ். கதை சொல்ல ஆரம்பித்தால் முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு "இப்போ ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா?"; பிறகு வெயிலின் கொடுமை, ஹாட்டாக் தீர்ந்துபோன சோகம், ஸ்கோர் அட்டையில் கட்டம் போதாமல் கைக்குட்டையில் எழுதிய வீரம்; கடைசியில், பந்தைப் பிடிக்கக் காத்திருந்த கேட்ச்சரை ஏமாற்றி வெற்றி ஓட்டக்காரன் எல்லைத் தட்டான பிளேட்டைத் தொட்ட காட்சி; எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி, "சறுக்கினான் பாரு, புழுதி பறந்துச்சு!" சறுக்காமல் கதை முடியாது.

ஜூலை நான்காம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினம், கஸ் வீட்டுத் தோட்டத்தில் விருந்து. மைத்துனர் மிலோவும் தொழிற்சாலை நண்பர்கள் மூவரும் வந்திருந்தார்கள். எல்லாரும் இதே இனம். சாசேஜைத் திருப்பிப் போட்டபடி கஸ் அன்று கதையில் ஒரு புது மசாலா சேர்த்தார்.

"எர்மா பத்தாவது இன்னிங்ஸ்லயே வீட்டுக்குப் போலாம்னு நச்சரிச்சா. நான்தான், சும்மா உக்காரு, சரித்திரம் நடக்குதுன்னு அடக்கினேன்."

உருளைக்கிழங்கு சாலட்டில் எர்மாவின் கரண்டி நின்றது. முப்பது வருஷம் இந்தக் கதையை வாய் திறக்காமல் கேட்ட மனைவி அவர்.

"அவன் சறுக்கல, கஸ்."

"என்ன உளர்றே?"

"பந்து கேட்ச்சர் தலைக்கு மேல போயிருச்சு. சறுக்க அவசியமே இல்ல. நாலடி இருக்கறப்போ கால் தடுக்கிக் குப்புற விழுந்தான். தவழ்ந்து வந்துதான் பிளேட்டைத் தொட்டான். சறுக்கினான்னு சொன்னது ரேடியோக்காரன்."

கஸ் சாசேஜ் பக்கம் திரும்பினார். எர்மா விடவில்லை.

"கூட்டம் கிளம்புறதுக்கு முன்னாடி வண்டிய எடுக்கணும்னு பத்தாவதுலயே எந்திரிச்சுப் போனது நீ. நான் உக்காந்திருந்தேன். ஜெயிச்சதும் உங்கிட்ட சொல்லத்தான் வண்டி வரைக்கும் மூச்சிரைக்க ஓடி வந்தேன். நீ என்ன சொன்னே? 'ரேடியோவுல கேட்டுட்டேன், ஏறு'ன்னே."

அடப் பாவி மனுஷா! எவ்வளவு ஆசையாக ஓடி வந்திருப்பார் அந்தப் பெண்!

கஸ்ஸின் முகம் செத்துப்போயிற்று. முக்காலி போச்சு, மானம் போச்சு. யார் முதலில் சிரிக்கப்போகிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்கள்? தோட்டத்தில் இருந்த ஐந்து ஆண்களும் முப்பது வருஷமாகப் பார்த்தது அந்தச் சறுக்கலைத்தானே! சாசேஜ் கருகிக்கொண்டிருந்தது.

மிலோதான் முதலில் சுதாரித்தார். "ஆமா மச்சான், தவழ்ந்தான்! இப்போ ஞாபகம் வருது. முழங்கையெல்லாம் சிராய்ப்பு. நான்தான் மூணாவது வரிசையில இருந்தேனே!"

"எந்த முழங்கை?" என்றார் எர்மா.

மிலோ அவசரமாக சாலட் கேட்டார்.

அடுத்த வாரம் மதுக்கடையில் கதை மறுபடியும் ஓடியது. "சறுக்கினான்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, அவன் ரேடியோ கேட்டவன்! தவழ்ந்தான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்றார் கஸ், கொஞ்சமும் கூசாமல். ஒரே மாற்றம், முக்காலியில் எர்மா உட்கார்ந்திருந்தார். கஸ் நின்றுகொண்டு சொன்னார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வெயில், ஹாட்டாக், குப்புற விழுந்தது, எல்லாம் இப்போது உங்களுக்கும் அத்துப்படி. என்றைக்காவது நாலு பேர் நடுவில் இதைச் சொல்லும்போது, 'எங்கேயோ படித்தேன்' என்றா தொடங்கப்போகிறீர்கள்? எதற்கும், எந்த முழங்கை என்று எர்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.