மஞ்சள் துணி கட்டிய பாதை

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கப் போனவன் நான். கோணி ஊசி பிடித்த கை பேனாவைப் பிடித்தால் எழுத்தும் தையல் மாதிரிதான் விழும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் இன்றுவரை சந்தேகம். (இதற்குள்ளேயே எத்தனை தப்போ.) மகள் கனி திருத்தித் தருகிறேன் என்கிறாள். அவள் எழுத்தோடு சேர்த்து நடந்ததையும் திருத்திவிடுவாள். அந்தப் பயத்தில்தான் நானே உட்கார்ந்தேன்.

எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. நாக்கு, மடித்துக் கட்டிய தார்ப்பாய் மாதிரி அப்படியே கிடக்கும்.

எங்கள் ஊர் மாப்பிள்ளையூரணி. பெயர்தான் அப்படி. கனிக்கு ஒரு மாப்பிள்ளை அமைவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. கடைசியில் சாத்தான்குளத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அடுப்படியில் கனி அவள் அம்மா பேச்சியம்மாவிடம், "எனக்கு இவுக போதும்மா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று நான் பேசியது இரண்டே வார்த்தை. "வாங்க." "சாப்பிடுங்க." மூன்றாவதாக "போயிட்டு வாங்க" சொல்லலாம் என்று தொண்டையைச் சரிசெய்வதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். பையனின் அப்பா பொன்ராஜ் அண்ணாச்சி, பாத்திரக்கடைக்காரர், வாசலில் நின்று சொன்னார்:

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. பொண்ணோட அப்பாதான் வாயே தொறக்க மாட்டேங்காரு. மனசுல என்ன இருக்குன்னு தெரியாம எப்படி முடிவு சொல்ல? ஞாயித்துக்கிழமை தேரிக்கு நடக்க வாங்க. நடந்துக்கிட்டே பேசுவோம்."

அவருக்குச் சர்க்கரை. டாக்டர் சொன்னதால் ஒரு நடைக்குழுவோடு வாராவாரம் தேரியில் நடப்பவர். ஆத்தூரைத் தாண்டித் தெற்கே போனால் வருகிற செம்மணல் காட்டைத்தான் தேரி என்போம். மணல் மேடும் முள் நிறைந்த உடைமரமும் பனையும்தான். காற்று அடித்தால் நேற்றைய பாதை இன்றைக்கு இருக்காது.

போனேன். நடைக்குழுவின் தலைவி ஜெசிந்தா டீச்சர் எல்லாரையும் நிற்கவைத்து, "டிரெயில் மெயின்டனன்ஸுக்கு வாலண்டியர் வேணும். யாரு வாரிய?" என்று கேட்டார். என் காதில் டிரெய்லர் என்று விழுந்தது. லாரி, டிரெய்லர் எல்லாம் நமக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. தவிர, பொன்ராஜ் அண்ணாச்சி "பேசுவோமா" என்று சிரித்துக்கொண்டே என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். சட்டென்று கையைத் தூக்கினேன்.

கையில் ஒரு வெட்டரிவாளைக் கொடுத்தார்கள். டிரெயில் என்றால் நடைபாதையாம். எல்லாருக்கும் முன்னால் போய் முள்ளை வெட்டி வழியைச் சரிசெய்ய வேண்டுமாம். உண்மையைச் சொன்னால், எனக்கு அதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது. முள் குத்தும், கேள்வி கேட்காது.

முடிக்கும்போது டீச்சர், "வழி தெரியுத மாதிரி அடையாளம் வைக்கணும். மரத்துல பெயின்ட் அடிக்க மனசு வரல. என்ன செய்யலாம்?" என்றார்.

"துணி கட்டிருதேன்" என்றது ஒரு குரல். என் குரல்தான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பொன்ராஜ் அண்ணாச்சி, "பேசிட்டாருல்லா!" என்றார். அந்தப் பாராட்டில் எனக்கு மூளை வேலை செய்யாமல் போயிற்று.

நான் தார்ப்பாய் தைக்கிற கடையில் மிஞ்சிக்கிடந்த துணியைக் கிழித்து, அடுத்த நாளே தேரிக்குப் போய் வழிநெடுக உடைமரங்களில் கட்டினேன். மஞ்சள் துணி. செம்மண்ணில் எவ்வளவு எடுப்பாகத் தெரிந்தது என்கிறீர்கள்! தள்ளி நின்று ரசித்துவேறு பார்த்தேன்.

மரத்தில் மஞ்சள் துணியைக் கட்டினால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம்? வேண்டுதல். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அன்றைக்கு நான்தான். அந்த வாரமே பங்குனி உத்திரம் என்பதும், ஊர் ஊராக ஜனங்கள் குலசாமி கும்பிட அந்தத் தேரி வழியாகத்தான் சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள் என்பதும் என் நினைவுக்கே வரவில்லை. உத்திரக் கூட்டத்தால் அந்த வார நடை கிடையாது. அதற்கடுத்த ஞாயிறு மறுபடியும் போனோம்.

பொன்ராஜ் அண்ணாச்சிக்கு வேகமான நடை. "மஞ்சத் துணியப் பாத்துப் போனாப் போதும்லா?" என்றார். பெருமையாகத் தலையாட்டினேன். முதல் மேட்டைத் தாண்டி மறைந்துவிட்டார். நாங்கள் மெதுவாக அந்த மேட்டில் ஏறிப் பார்த்தால், தேரி முழுக்க மஞ்சள். கிழக்கே மஞ்சள், மேற்கே மஞ்சள். ஒரு பனங்கன்றைக்கூட விடவில்லை.

ஜெசிந்தா டீச்சர் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, எத்தனை மரத்துல கட்டுனிய?"

"இத்தனையும் நான் கட்டல டீச்சர்."

"பொறவு?"

"சாமிக்குக் கட்டிருக்காவ போல."

"அவரு எந்தப் பக்கம் போனாரு?"

அது சாமிக்குத்தான் வெளிச்சம். மணலில் கால்தடம் நூறு பக்கம் போயிருந்தது. அண்ணாச்சியின் போனும் தண்ணீர்ப் பாட்டிலும் அவர் வந்த காரிலேயே கிடந்தன. வெயில் ஏறியது. சர்க்கரை உள்ள மனுஷன். மயங்கி எங்காவது விழுந்திருந்தால்? கனி அடுப்படியில் சொன்ன வார்த்தைதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. சொந்தச் செலவில், சொந்தத் துணியில் மகளின் கல்யாணத்தை நிறுத்தின அப்பன் நானாகத்தான் இருப்பேன்.

ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து தேடினோம். கூப்பிட வேண்டும். "அண்ணாச்சி" என்று கத்தினேன். உடைமரத்தடியில் ஆடு மேய்த்தவர், சுள்ளி பொறுக்கியவர், சைக்கிளில் போனவர் எல்லாரும் "என்ன?" என்றார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாருமே அண்ணாச்சிதான். பெயரைச் சொல்லிக் கூப்பிட மரியாதை தடுத்தது. அந்தப் பதற்றத்தில் மேட்டின்மேல் ஏறி, என் ஆயுசிலேயே போடாத சத்தத்தில் கத்தினேன்.

"சம்பந்தீ...! ஏ சம்பந்தீ...!"

கத்திய பிறகுதான் உறைத்தது. இன்னும் எதுவும் முடிவாகவில்லையே!

"இங்கன இருக்கேன்" என்று பள்ளத்திலிருந்து பதில் வந்தது.

உருண்டு புரண்டு இறங்கினேன். ஒரு பெரிய உடைமரம். கிளை தெரியாமல் மஞ்சள் துணி. அடியில் புதுக் கல் ஒன்றுக்குக் குங்குமம் வைத்து, பெண்கள் நாலைந்து பேர் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். நிழலில் சம்மணம் போட்டு, பனையோலைப் பட்டையில் கருப்பட்டிப் பொங்கலை வழித்துத் தின்றுகொண்டிருந்தார் பொன்ராஜ் அண்ணாச்சி. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ரெண்டாவது பட்டை. இந்தத் தாயிங்க தந்தாவ. வேண்டாம்னு சொன்னா சாமிக் குத்தம்லா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல சொல்லிராதிய. இனிப்பத் தொடவே விட மாட்டாவ."

"சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல மாட்டிய. அதுதான் உங்ககிட்ட நல்ல குணமே." விரலை நக்கிக்கொண்டார். "ஆமா, அங்க நின்னு என்னன்னு கூப்பிட்டிய?"

நான் மணலைப் பார்த்தேன்.

"கேட்டேன்யா, காடே கேட்டுச்சு. இந்தக் குரலு தொண்டைக்குள்ள இருக்கும்போது ஏன் பேச மாட்டேங்கிய? சரி, கூப்பிட்டது கூப்பிட்டாச்சு. நாளப் பாருங்க, சம்பந்தி."

வீட்டில் வந்து சொன்னதும் பேச்சியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தேரியில புதுசா ஒரு அம்மன் வந்திருக்கால்லா? உத்திரத்தன்னைக்கு நம்ம கனிக்காக ஒரு மஞ்சத் துணி கட்டிட்டு வந்தேன். பலிச்சிட்டு பாத்தியளா!"

"அந்த அம்மனுக்கு மொத துணி கட்டுனது யாரு தெரியுமா?" என்றேன்.

நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, கொஞ்சமும் அசராமல் சொன்னாள்: "அப்ப ரெண்டு பேருமா சேந்துதான் கட்டிருக்கோம்."

இப்போது பாதைக்கு டீச்சர் கல்லில் அம்புக்குறி போட்டுவிட்டார். துணி என்ற பேச்சை நான் எடுத்தாலே அரிவாளைக் கையில் திணித்துவிடுகிறார். வீட்டிலோ, கல்யாண மண்டபத்தில் சம்பந்தி கண்ணில் படாவிட்டாலும் சரி, கடையில் பின்தங்கிவிட்டாலும் சரி, யாரும் தேடுவதில்லை. என்னைத்தான் முன்னால் தள்ளுகிறார்கள். பேத்திகூட, "தாத்தா, கத்துங்க" என்கிறாள். கத்துகிறேன். எங்கிருந்தாலும் பதில் வந்துவிடுகிறது. அநேகமாக மிட்டாய்க்கடைக்குள் இருந்து.

வெளியே கார் நிற்கிறது. தேரி அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் பானையை ஏற்றியாயிற்று, என்னைத்தான் தேடுகிறார்கள் போல. "சம்பந்தீ...!" என்று அவர் குரல்.

பங்குனி உத்திரம், காலை.