ரெண்டெண்ணம் பாயும் சும்மா கிடந்த பெட்டியும்

மட்டாஞ்சேரியில் எங்கள் பாயைப் போலப் பயந்த மனிதர் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. ரெண்டு குடை, ரெண்டு மூக்குக்கண்ணாடி, ரெண்டு போன். கேன்டீனில் ரெண்டு சாயா. ஒன்று குடிக்க, மற்றது முதலாவது கொட்டிப்போனால். ஒருநாளும் கொட்டியதில்லை. ஆறிப்போனதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார். எதை வாங்கச் சொன்னாலும் “ரெண்டெண்ணம்” என்பார். அதுவே பெயராகிவிட்டது.

எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் ஆட்களும் ரெண்டே பேர்தான், அவரும் நானும். கலூர், பள்ளுருத்தி, களமசேரி என்று எல்லாக் கிளைகளின் தகவலும் எங்களிடம் இருந்த ஒரே ஃபயர்வால் வழியாகத்தான் போகும். கண்டவன் உள்ளே புகுந்துவிடாமல் வாசலில் காவல் நிற்கும் பெட்டி அது. ஒரு மழைநாளில் அது செத்துப்போனது. பள்ளுருத்தியில் ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டருக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவள் பிழைக்கவில்லை. பெட்டியால்தான் என்று யாரும் சொல்லவில்லை. பாய் மட்டும் ரொம்ப நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

புதுப் பெட்டி விற்க ஏஜென்ட்கள் வரிசை கட்டினார்கள். ஒருவர் தன் பெட்டியின் வேகத்தைப் பற்றி அளந்து தள்ளினார்.

“உள்ள வர்றதை எல்லாம் பெட்டியைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லிட்டு, அப்புறம் வேகத்தைச் சொல்லு மோனே,” என்றார் பாய்.

அப்படி ஓட்டிக் காட்டியதும் வேகம் கால்வாசியாகிவிட்டது. ஏஜென்ட் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

கடைசியில் பாய் நடுத்தரமான ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்தார். வழக்கம்போல் ரெண்டெண்ணம்.

“பெரிசா ஒண்ணு போதாதா?” என்றார் மேனேஜர்.

“பெரிசு செத்தாலும் செத்ததுதானே, சாரே?”

“அப்ப ரெண்டாவது சும்மா கிடக்குமா?”

“சும்மா கிடக்கணும்னுதான் துஆ செய்யறேன்.”

மேனேஜர் முகம் சிவந்தது. “பெட்டி ரெண்டு வேணும்னா ஆள் ஒண்ணு குறையும். யாருன்னு நீங்களே சொல்லிடுங்க.” அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கேன்டீனில் பாய்க்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். “நான் போறேன்டா,” என்றார் பாய். அன்றுதான் அவர் ரெண்டாவது சாயாவையும் குடிப்பதைப் பார்த்தேன்.

இப்போது பள்ளுருத்தியில் ஒரு மொபைல் கடையில் போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்.

போன மழைக்கு ஒரு பெட்டி செத்தது. சும்மா கிடந்தது அந்த நொடியே வேலையை எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது, மேனேஜருக்கும்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய்க்கு போன் போட்டுச் சொன்னேன்.

“ரிப்போர்ட் எல்லாம் போகுதா?”

“போகுது பாய்.”

“அப்ப எதுக்குடா கூப்பிட்டே?” வைத்துவிட்டார்.

உடனே அவருடைய இன்னொரு போனிலிருந்து அழைப்பு. “டேய், இப்ப ஒண்ணுதானே ஓடுது? சீக்கிரம் இன்னொண்ணு வை!”

வைத்துவிட்டேன், பாய். பெட்டி மறுபடியும் ரெண்டெண்ணம் ஆயிற்று. இந்த அறையில் நான்தான் இன்னும் ஒருத்தனாக இருக்கிறேன்.