வாய் திறக்க வைத்த ஸ்பிரிங்

ஓர்லாண்டோ கிழக்கு, சொவெட்டோ.
ஞாயிற்றுக்கிழமை, மழை.

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, தம்பி வுசுமூசி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவது.

நீங்கள் நலமா, அண்ணி நலமா, மாடுகள் நலமா? நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள அந்தக் கிடா நலமா? அதைப் பற்றிக் கடைசியில் ஒரு செய்தி இருக்கிறது, இப்போதே பதற வேண்டாம். நானும் நலம்தான், இடுப்பைத் தவிர. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே விழுந்து திட்டுவீர்கள். கடிதத்தை எவ்வளவு திட்டினாலும் எனக்குக் கேட்காது.

உங்கள் மகன் லுங்கேலோவுக்கு ஹடேபே வீட்டுப் பெண் லிண்டிவேயைக் கேட்டு வர, மாப்பிள்ளையின் அப்பா நேரில் போகக் கூடாது என்பதால், சித்தப்பனாகிய என்னை அனுப்பினீர்கள். போய் வந்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதற்குள் உங்கள் காதுக்கு வேறு மாதிரி வந்திருந்தால் நம்பாதீர்கள். நாங்கள் குடித்துவிட்டுப் பெண் கேட்கப் போனோம் என்பது பச்சைப் பொய். எங்கள் மேல் வாடை அடித்தது மட்டும்தான் உண்மை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஸ்பிரிங். பையனுடைய அந்தப் பழைய பெட்டி வடிவ ஜெர்மன் காரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இங்கே அதைக் குஷேஷே என்று பெயர் வைத்துக் கொஞ்சுவார்கள். நாலு கதவு, ஆறு சிலிண்டர், அவனைவிட அதற்கு வயது அதிகம். என்ஜின் இன்னும் சிங்கம்தான், ஆனால் ஷாக் அப்சார்பர் நாலும் செத்துவிட்டன. வளைவில் திரும்பினால் சினை எருமை போலச் சாய்ந்தது, பிரேக் போட்டால் தரையை மோந்து பார்த்தது. பெண் கேட்கப் போகுமுன் மாற்றிவிடலாம் சித்தப்பா என்றான். நல்ல எண்ணம்தானே? மூன்று வழி இருந்தது. கம்பெனியில் வந்த மாதிரியே மெத்தென்ற ஸ்பிரிங் போடலாம், அது வயதானவர்களுக்கும் முட்டை வியாபாரிகளுக்கும் ஏற்றது. இல்லையென்றால் கொஞ்சம் குட்டை, கொஞ்சம் இறுக்கம், கேஸ் ஷாக் என்று நடுவாந்தரமாகப் போகலாம். மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. கட்டையாக, இரும்பாக, திருகத் திருக வண்டியைத் தரையோடு படுக்க வைப்பது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் டயர் புகைய வட்டம் சுற்றுகிற பையன்கள் போடுவது. மெக்கானிக் ஸ்டிக்ஸ் என்று ஒருவன் இருக்கிறான், அவன் அடித்துச் சொன்னான்: "டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு விரல் நுழைஞ்சா அது கார் இல்ல பெரியவரே, டிராக்டர்." நான் நடுவாந்தரம் போதும் என்றுதான் சொன்னேன், சத்தியம். அங்கே நின்ற ஒரு தாழ்ந்த காரைப் பார்த்து "அடேயப்பா, என்ன கம்பீரம்!" என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும், அதை நான் தடவிக் கொடுத்ததும், அதன் முன்னால் கை கட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டதும் உண்மை. அதை எல்லாம் பையன் பெரியவர்களின் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

ஆக மூன்றாவது ரகமே போட்டாயிற்று. சனிக்கிழமை விடியற்கருக்கலில் கிளம்பினோம். எனக்குத் துணைக்கு அடுத்த வீட்டு மபாசோ. ஆள் மலை மாதிரி, சபையில் அடித்தொண்டைப் பாட்டுக்காரர், மதுவை மோந்துகூடப் பார்க்காத பிரிவு. ஆகவே வாய்திறப்புப் புட்டியை அவரிடம் கொடுப்பதுதான் பத்திரம் என்று கொடுத்தேன். வாய்திறப்பு பிராந்தி வைக்காமல் பெண் வீட்டார் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று நீங்களே நூறு தடவை சொல்லி அனுப்பியிருந்தீர்களே, அதனால் காகிதத்தில் சுற்றி, துண்டில் சுற்றி, அவர் இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்தோம். மாப்பிள்ளை அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பதால், லுங்கேலோ ஓட்டிக்கொண்டுபோய்த் தெரு முனையில் இறக்கிவிட்டு ஒளிந்துகொள்வது என்று திட்டம்.

அண்ணா, டோப்சன்வில் ரோட்டை நீங்கள் பார்த்ததில்லை. குழி இல்லாத இடத்தில் வேகத்தடை, வேகத்தடை இல்லாத இடத்தில் குழி. முதல் மேட்டில் வண்டியின் அடிவயிறு உரசியது. அடுத்த மேட்டில் என் தலை கூரையில் மோதி, தொப்பி காது வரை இறங்கி, கண் மறைந்துவிட்டது. "சித்தப்பா, வளைவுல பாருங்க, எப்படி ஒட்டிக்கிட்டுப் போகுது!" என்று பையன் பெருமைப்படுகிறான். எனக்கு வளைவும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒரு குழி. டமார் என்று ஒரு சத்தம். பிறகு மபாசோவின் குரல், பாட்டு மாதிரி மெதுவாக: "வுசி... எனக்குத் தொடையெல்லாம் ஈரமா இருக்கு. கர்த்தர் பேரால சொல்றேன், இது நான் இல்ல." பிராந்தி முழுவதும் அவருடைய கோட்டு, கால்சட்டை, சீட்டு, பிறகு வழிந்து வந்து என் காலுறை. கையில் மிஞ்சியது புட்டியின் கழுத்தும் உடையாத மூடியும்தான். பட்ட காலிலே படும் என்பார்களே, தெரு முனையில் நிறுத்த வேண்டியவன் பதற்றத்தில் தாண்டிப் போய், ஹடேபே வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருந்த வேகத்தடையின் மேல் வண்டியை ஏற்றிவிட்டான். ஏறியது இறங்கவில்லை. வயிறு மேட்டில் உட்கார்ந்துகொண்டது, பின் சக்கரம் அந்தரத்தில் சும்மா சுற்றுகிறது. பையன் பின் சீட்டின் கீழே நுழைந்து மபாசோவின் ஈரக் கோட்டைப் போர்த்திக்கொண்டான்.

நாங்கள் வாசலில் நின்று குலப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். "புங்கானே! மகுலுகுலு! நல்லது பேச வந்திருக்கோம்!" என்று நான் கத்த, மபாசோ அடித்தொண்டையில் தொடர, தெருவே எழுந்து வந்துவிட்டது. பெண்ணின் அத்தை கதவைத் திறந்தாள். பூப்போட்ட தலைத்துணி, கண்ணிலே இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. எங்களை மோந்தாள். மபாசோவை இன்னொரு முறை மோந்தாள். பெண்ணைக் கூப்பிட்டு, "இவங்கள உனக்குத் தெரியுமா?" என்றாள். லிண்டிவே எங்களைப் பார்த்தாள், எங்களைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஆளுங்களத் தெரியல அத்தை. காரத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். நல்ல பெண், அண்ணா. பிடிவாதமாகச் சொல்கிறேன், நம் வீட்டுக்கு அந்தப் பெண்தான் வேண்டும்.

உள்ளே உட்கார்ந்தோம். மூலையில் நாற்காலியில் பெண்ணின் அப்பா, முழங்காலில் கம்பளி. "வாயத் திறக்க என்ன கொண்டாந்தீங்க?" என்று அத்தை கேட்டாள். நான் புட்டிக் கழுத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "மூடிய யாரும் தொடலம்மா, பாருங்க" என்றேன். அவ்வளவுதான். அவள் வாயை மூடிக்கொண்டாள். எல்லோரும் மூடிக்கொண்டார்கள். தேநீர் இல்லை, இருமல்கூட இல்லை. எழுந்து போய் வேறு புட்டி வாங்கலாம் என்றால், தெரு வாசலைத் தாண்டினால் கேட்ட காரியத்தைக் கைவிட்டதாகக் கணக்கு. அப்படிப் போன ஒரு குடும்பத்தை அந்த அத்தை மறுபடி உள்ளேயே விடவில்லையாம், மபாசோ என் காதில் சொன்னார். பையன் அந்தப் பெண்ணுக்காகக் குடியை விட்டான், வேலைக்கு ஒழுங்காகப் போகிறான், அதெல்லாம் ஒரு குழியில் போய்விடுமோ என்று அழுகை வந்துவிட்டது. அழுகையை மறைக்க வானிலை பற்றிப் பேசினேன். சுவரோடு பேசியிருந்தால் சுவராவது எதிரொலித்திருக்கும்.

இதற்குள் வெளியே சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், உங்கள் அருமை மகன் கோட்டுக்குள்ளிருந்து ஊர்ந்து வந்து ஜாக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். அவனை யாரும் பார்க்கவில்லை என்று எல்லோரும் மரியாதையாகப் பாவனை செய்தோம். ஆனால் தெரு சும்மா இருக்குமா? சொவெட்டோவில் ஸ்பிரிங் பற்றித் தெரியாதவன் இன்னும் பிறக்கவில்லை. "பின்னாடி தூக்கு!" என்கிறான் ஒருவன். "இன்னும் ரெண்டு சுத்து இறக்கிப் பாரு!" என்கிறான் இன்னொருவன். பெண்ணின் அப்பாவின் கால் கம்பளிக்குள் ஆட ஆரம்பித்தது. விரல் ஆடியது. தாடை ஆடியது. நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, மபாசோவிடம் சொல்வது போல, "நல்ல ஸ்பிரிங்குதான். ரோடுதான் சரியில்ல" என்றேன்.

"ரோடு சரியில்லையா?" மூலையிலிருந்து ஒரு கர்ஜனை. கம்பளி ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம். "எந்த முட்டாப்பய அந்த வண்டிக்கு அந்த ஸ்பிரிங்கப் போட்டான்? அந்த வண்டி தண்ணி தளும்பாமப் போற வண்டி! என் பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரியில இருந்து அதே மாதிரி வண்டியிலதான் கூட்டியாந்தேன், கண்ணு முழிக்கல அவ! இந்த இரும்புக் கட்டை மேல ஒக்காத்தி வெச்சா அவளக் கூட்டிட்டுப் போவீங்க?"

நான் துள்ளி எழுந்தேன். "புங்கானே பேசிட்டாரு! வாய் திறந்தாச்சு!" மபாசோ வீடு அதிர ஆமென் பாடினார். அத்தை விடுவாளா? "அவரு ஒங்ககிட்டப் பேசல. ஸ்பிரிங்குகிட்டப் பேசினாரு." நான் சொன்னேன், "அம்மா, ஸ்பிரிங்கும் எங்க பக்கத்து ஆளுதான். எங்களோடதான் வந்துச்சு." "அது வாசலுக்கு வெளிய இருக்கு." "அவரு வாய் உள்ள இருக்கே?" அத்தை யோசித்தாள். அதற்குள் ஹடேபே செருப்போடு வெளியே ஓடி, படுத்து, காருக்கு அடியில் போய்விட்டார். அங்கே ஏற்கெனவே மாப்பிள்ளை படுத்திருக்கிறான். மாமனாரும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக் கூடாத நேரம். நாங்களும் அத்தையும் வேலி வரை ஓடி எட்டிப் பார்த்தோம். வெளியே தெரிந்தது நாலு கால்கள்தான். "புடிடா இத." "சரிங்கய்யா." "அப்படி இல்ல, கழுத." "சரிங்கய்யா." அத்தை ரொம்ப நேரம் அந்தக் கால்களையே பார்த்தாள். பிறகு, "காருக்கு அடியில இருட்டு. மொகம் தெரியாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தேநீர் போட உள்ளே போனாள். அண்ணா, நான் வேலியைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆகப் பெண் நமக்குத்தான். பேச்சு நல்லபடியாகவே முடிந்தது. அபராதம் மட்டும்: வாடைக்காக அத்தைக்கு ஒரு சால்வை, மாப்பிள்ளையின் கால் கண்ணில் பட்டதற்காக ஒரு கிடா. நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ளதாக இருந்தால் நல்லது என்று நானே வாயை விட்டுவிட்டேன், மன்னிக்கவும். ஹடேபே தன் பழைய வண்டியின் மெத்தென்ற ஸ்பிரிங்குகளை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் இத்தனை வருடம் வைத்திருந்தார். அதைப் பையன் வண்டியில் போட்டால்தான் பெண் ஏறுவாள் என்பது நிபந்தனை. போட்டாயிற்று. ஆகவே குடும்பத் தலைவராகிய நீங்கள், நம் வம்சத்தில் இனி எவனும் குட்டை ஸ்பிரிங்கைக் கையால் தொடக் கூடாது என்று முன்னோர் பெயரால் ஒரு தடை உத்தரவு எழுதி அனுப்ப வேண்டும். முதலில் கையெழுத்துப் போடுபவன் நானாக இருப்பேன்.

அண்ணியின் வலிக்கிற முழங்காலுக்கு என் வணக்கம். முன்னோர்கள் உங்கள் கூரைக்கும் தொழுவத்துக்கும் நிழலாக இருக்கட்டும்.

உங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
வுசுமூசி

பின்குறிப்பு: தடை உத்தரவை இப்போதைக்கு எழுத வேண்டாம். கழற்றிய குட்டை ஸ்பிரிங்கை எறிய மனம் வரவில்லை. நம் ஸ்டிக்ஸ் அதை வெட்டி ஒட்டி வீட்டில் நிற்கிற என் பழைய காருக்குச் சேர்த்துவிட்டான். என்ன கம்பீரம், அண்ணா! இன்று காலை திருட்டுத்தனமாக வந்து மட்டம் பார்த்துக் கொடுத்தவர் யார் என்று கேட்காதீர்கள், அத்தைக்குத் தெரிந்தால் இன்னொரு கிடா ஆகிவிடும். "இதுல என் பொண்ணு ஒக்காரப் போறதில்லையே, இன்னும் அரை இஞ்சு எறக்கு" என்றார் சம்பந்தி. கல்யாணத்துக்கு நீங்கள் வந்து இறங்கியதும் உங்களையும் அண்ணியையும் அழைத்துப்போக இந்த வண்டியில்தான் வருவேன். கிடாவை மட்டும் லாரியில் அனுப்பிவிடுங்கள், அது உயிரோடு போய்ச் சேர வேண்டும்.