பாட்டுக்கு டி.சி. எழுதியவர்

உலகத்தில் எத்தனையோ பேர் பாட்டு எழுதியிருக்கிறார்கள். பாட்டுக்கு டி.சி. எழுதிய ஒரே மனிதர் எங்கள் திருநகரில்தான் இருந்தார். வேறு ஊரிலும் ஒருவர் உண்டு என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

எங்களுக்கெல்லாம் அவர் டி.சி. சார். மிஷன் பள்ளி ஆபீசில் காலமெல்லாம் கிளார்க்காக இருந்து, பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைகளுக்கு டி.சி. எழுதிக் கொடுத்தவர். அதில் 'அங்க அடையாளங்கள்' என்று ஒரு இடம் வருமே, அங்கே மனிதர் உயிரைக் கொடுப்பார். பையனை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, கழுத்து, முழங்கை, காதுமடல் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மச்சமே இல்லாத ஒருவனை, "வீட்டுல நல்லாத் தேடிட்டு நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ரிட்டயர் ஆன பிறகு அந்தக் கை சும்மா இருக்குமா? எங்கள் சர்ச் கொயர் பாடியதையெல்லாம் அந்தக் காலத்திலிருந்தே டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தவரும் அவர்தான். அந்தக் கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இணையத்தில் போட ஆரம்பித்தார். பாட்டுக்குக் கீழே விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? நாமெல்லாம் இரண்டு வரி எழுதுவோம், இல்லாவிட்டால் அதையும் விட்டுவிடுவோம். டி.சி. சார் காலிக் கட்டத்தைக் கண்டால் விடுவாரா?

'பாட்டு: கிறிஸ்துமஸ் கீர்த்தனை. பாடியவர்கள்: பதினெட்டுப் பேர். வாயை மட்டும் அசைத்தவர்கள்: இருவர், பெயர்கள் தனியே. அங்க அடையாளங்கள்: (1) 0:52-இல் காகம். (2) 1:30-இல் பாஸ்டர் வீட்டுக் குக்கர், மூன்று விசில். நடத்தை: நன்று.'

பாதியில் நின்றுபோன ஒரு பாட்டுக்கு 'விலகிய காரணம்: மின்தடை' என்று எழுதினார். கட்டம் நிறைந்துவிட்டால் 'மறுபக்கம் பார்க்க' என்று முடித்துவிட்டு, மிச்சத்தைக் கமெண்ட்டில் தொடர்வார். எல்லாப் பாட்டுக்கும் நடத்தை 'நன்று'தான். 'மிக நன்று' என்று அவர் பிள்ளைகளுக்கும் போட்டதில்லை, பாட்டுக்கும் போட்டதில்லை. சபைப் பொருளாளரின் மனைவி தனியாகப் பாடிய ஒரு பாட்டுக்கு மட்டும் 'திருப்திகரம்' என்று போட்டுவிட்டார். பொருளாளர் பைக்கை ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே பாய்ந்தார்.

"என்ன சார், எங்க வீட்டுல பாடுனதுக்கு இப்பிடி எழுதி வச்சிருக்கீங்க?"

"திருப்திகரம்னா பாஸுதான தம்பி. காலேஜ்ல தாராளமா சீட்டுக் குடுப்பாங்க."

இதையெல்லாம் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன், என் முறை வரும்வரைக்கும்.

நான் இருபது வயதில் பாடிய பாட்டு அது. நாலாவது சரணம் வேண்டாம், மூன்றோடு நிறுத்துங்கள் என்று கொயர் மாஸ்டர் சொன்ன அன்றைக்குப் பார்த்து நான் ரிகர்சலுக்குப் போகவில்லை. ஆராதனையில் எல்லோரும் மூன்றோடு டக்கென்று நிறுத்த, ஆண்கள் பக்கம் டெனர் வரிசையில் நின்ற நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாலாவது சரணத்தை ஆரம்பித்து, முழுசாக ஆறு வார்த்தை பாடிவிட்டேன். மறந்தே போய்விட்ட அந்த அவமானத்தை டி.சி. சார் தூசி தட்டி எடுத்து எழுதியிருந்தார்: '(2) 2:14-இல் டெனர் வரிசையில் ஒருவர் இல்லாத சரணத்தைப் பாடுகிறார்.' பக்கத்திலேயே என் பெயர், இனிஷியலோடு.

அவனியாபுரத்தில் ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்தவர் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்கதான அந்த நாலாவது சரணம்?" என்றார். நேரே திருநகருக்கு வண்டி ஏறினேன்.

"சார், அந்த வரியை எடுத்துருங்க."

"ஏன் தம்பி, நீங்க பாடலையா?"

"பாடுனேன். அதுக்காக ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொல்லணுமா?"

"அங்க அடையாளத்தை எடுக்கப்படாது. திருத்தணும்னா சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"ரெண்டு பேரா? நான் ஒருத்தன்தான சார் பாடித் தொலைச்சேன்!"

"அடுத்த வரியைப் படிங்க."

படித்தேன். '(3) 2:17-இல் ஆல்டோ வரிசையில் ஒரு சிரிப்பு. காரணம்: மேற்படி நபர். பெயர்:' என்று போட்டு ஒரு கோடு இழுத்திருந்தார். ஆல்டோ என்றால் பெண்கள் வரிசை. என்னைக் கேலி செய்தவளிடமே போய் நான் கையெழுத்து வாங்க வேண்டுமாம்! கோபத்தில் அவர் கொடுத்த காபியைக்கூடத் தொடாமல் வந்துவிட்டேன்.

எனக்கு விடிவுகாலம் புதிய கொயர் மாஸ்டர் ரூபத்தில் வந்தது. சபை விழாவுக்காகப் பழைய பாட்டுகளையெல்லாம் ஏதோ ஒரு சாஃப்ட்வேரில் போட்டு அலசிச் சுத்தமாக்கிவிட்டார். காகம் போச்சு, குக்கர் போச்சு, என் ஆறு வார்த்தையும் போச்சு. இனி இவைதான் இணையத்தில் இருக்கும், டி.சி. சார் போட்டவற்றையெல்லாம் எடுத்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமைக் கமிட்டியில் முடிவு செய்வோம் என்றார்கள். "அம்புட்டையும் தூக்குங்க மாஸ்டர்" என்று முதலில் கைதூக்கிய ஆள் நான்தான்.

வீட்டுக்கு வந்து, என் பாட்டின் புது உருவத்தை என் மனைவி எஸ்தருக்குப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். அவள் முகம் என்னவோ போலாகிவிட்டது.

"என்னங்க, என் சிரிப்பு எங்க?"

"எந்தச் சிரிப்பு?"

"நீங்க நாலாவது சரணத்தை ஆரம்பிச்சதும் ஆல்டோ வரிசையில நின்னு சிரிச்சேன்ல, அந்தச் சிரிப்பு. அன்னைக்குத்தான யாருடா இந்தக் கோட்டிக்காரன்னு உங்களத் திரும்பிப் பார்த்தேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகிறது, இந்தச் செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த சம்பந்தம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! அவளோ அந்த ஆறு வார்த்தையை நம்பித்தான் என்னைப் பெண் பார்க்க வரச் சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே இருவரும் டி.சி. சார் வீட்டுக்கு ஓடினோம். மனிதர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரையில் இருப்பதையெல்லாம் பார்த்துப் பார்த்து ஒரு பழைய நீள நோட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தார். காகம், குக்கர், மின்தடை, ஒன்று விடவில்லை.

"ஞாயித்துக்கிழமை எடுத்துருவாங்களாம்ல தம்பி. பாட்டு போனாலும் ரெக்கார்டு இருக்கணும்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எஸ்தர் திரையில் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். "சார், இது நான்தான்."

"தெரியும்மா. நீங்க வாயைப் பொத்துனது வரைக்கும் நான் பார்த்தேன். உங்கப்பா அன்னைக்குச் சபைச் செயலாளரு. கோயில்ல சிரிச்சது தெரிஞ்சா தோலை உரிச்சிருப்பாரு. ஆளு நேர்ல வந்து சொல்லாம பொம்பளப் பிள்ளை பேரை எழுதலாமா?"

"இப்ப வந்துட்டேன்ல, எழுதுங்க."

எழுதினார். இனிஷியலில் அவள் அப்பா பெயரா, என் பெயரா என்று கேட்டுக்கொண்டு எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் நான் எழுந்து நின்றேன். "பழசு எதையும் எடுக்கக்கூடாது. அந்த நாலாவது சரணம் என்னோடது. அது இருக்கணும்."

"அண்ணே, நீங்கதான மொதல்ல தூக்கச் சொன்னீங்க?" என்றார் கொயர் மாஸ்டர்.

"அது போன வாரம்."

அரை மணி நேரம் கத்தினேன். பொருளாளர் வேறு எதிர்க்கட்சி. கடைசியில் புதுசும் இருக்கட்டும், பழசும் இருக்கட்டும் என்று முடிவானது. டி.சி. சார் வெளியே வந்ததும் என் தோளில் தட்டிவிட்டு, மறுநாளே அந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவையும் இணையத்தில் போட்டுவிட்டார். அங்க அடையாளம்: ஒருவரின் கத்தல், அரை மணி நேரம். நடத்தை: நன்று.

போன மழைக்காலத்தில் டி.சி. சார் போய்ச் சேர்ந்துவிட்டார். அடக்க ஆராதனையில் கொயர் பாடியதைக் கொயர் மாஸ்டர் போனில் பிடித்திருந்தார். அதை இணையத்தில் ஏற்றிவிட்டு, கீழே இருந்த காலிக் கட்டத்தைப் பார்த்தேன். யார் எழுதுவது? நானே எழுதினேன்.

'பாடியவர்கள்: பதினாறு பேர். அங்க அடையாளங்கள்: (1) 0:40-இல் காகம். (2) டெனர் வரிசையில் ஒருவர் கடைசிச் சரணத்தைப் பாடவே இல்லை. (3) ஆல்டோ வரிசையில் ஒரு அழுகை. விலகியவர்: டி.சி. சார். நடத்தை: மிக நன்று.'

கொயர் மாஸ்டர் போன் செய்தார். "அண்ணே, சார் யாருக்குமே மிக நன்றுன்னு போட்டதில்லையே? நீங்களா திருத்துனா எப்பிடி?"

"கீழ பாருங்க மாஸ்டர்" என்றேன். "சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்."